ஆவூர் உறுப்பினருக்காகக் காத்திருந்தவர்

எங்கள் சட்டமன்றத்தில் சபாநாயகர் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் விளையாடிக்கொண்டிருந்தோம்.

சட்டமன்றம் என்றதும் பயந்துவிட வேண்டாம். டெலிகிராமில் ஒரு குழு, அவ்வளவுதான். ஊரடங்கில் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது, புதுக்கோட்டை மாவட்டத்தைத் தனி மாநிலமாகக் கற்பனை செய்து, அதற்கு வெள்ளாறு என்று பேர் வைத்து, ஆளுக்கொரு ஊரைத் தொகுதியாக எடுத்துக்கொண்டு ஆட்சி நடத்தத் தொடங்கினோம். கல்லூரி மாணவர்கள், ஆசிரியர்கள், குவைத்திலும் மஸ்கட்டிலும் வேலை பார்ப்பவர்கள் என்று முப்பது சொச்சம் பேர். ஊரடங்கு போயிற்று, ஆட்சி போகவில்லை. சித்தன்னவாசல் உறுப்பினராகிய நான்தான் முதலமைச்சர். நிஜத்தில் கீழ ராஜ வீதியில் ஒரு மோட்டார் பம்பு கடையில் விற்பனையாளர். முதலாளி 'டேய்' என்று கூப்பிட்டால் முதலமைச்சர் ஓடுவார்.

எங்கள் சபையில் யாரும் யாருடைய பேரையும் சொல்வதில்லை. தொகுதிப் பேர், இல்லாவிட்டால் பதவிப் பேர். சபாநாயகர் அம்மாவின் பேர் எனக்குப் பிற்பாடு தெரிந்துவிட்டது என்றாலும் அந்தப் பழக்கத்தை இங்கே விட மனமில்லை. நாற்பத்தைந்து வயதிருக்கும். கிராமத்து ரேஷன் கடையில் வேலை. மாதத்தின் முதல் இரண்டு வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்குச் சபை கூடும். ரேஷன் கடைக்கு அன்று விடுமுறை, வளைகுடாக்காரர்களுக்கும் விடுமுறை. எனக்கு மட்டும் இல்லை. நான் கடையின் பின்பக்கம், பிவிசி பைப் அடுக்கியிருக்கும் இடத்திலிருந்து மாநிலத்தை ஆண்டேன்.

சபை தொடங்கியதும் அவர் தொகுதி தொகுதியாகப் பேர் வாசிப்பார். அந்தந்த உறுப்பினர் மைக்கை அழுத்தி 'உள்ளேன்' என்று சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் மற்றவர்கள் என்றால் அடுத்த பேருக்குப் போய்விடுவார்கள். இவர் போக மாட்டார். காத்திருப்பார். ஒரு தடவை ஆலங்குடி உறுப்பினர் ஆட்டுக்குத் தழை ஒடிக்க மரத்தில் ஏறியிருந்தார். அவர் இறங்கி, கையைத் துடைத்து, போனை எடுத்து, மூச்சு வாங்கிக்கொண்டே 'உள்ளேன்' என்று சொல்லும்வரை சபை சும்மா இருந்தது.

"மெதுவா எறங்குங்க. கையைக் காலை ஒடிச்சுக்காதீங்க. நாங்க எங்கிட்டும் போகலை" என்றார் சபாநாயகர்.

நான் இலவச மிதிவண்டிக் கொள்கையை அறிவித்துக்கொண்டிருந்த அன்று, இலாகா அமைச்சர்கள் எல்லோரும் பயபக்தியோடு கேட்டுக்கொண்டிருக்கும்போது, என் மைக்கில் ஒரு குரல் புகுந்தது. "ஏப்பா, ரெண்டரை இஞ்சு புட்வால்வு இருக்கா?"

சபையில் சிரிப்பு. நான் கேட்காததுபோல் தொடர்ந்தேன். சபாநாயகர் நிறுத்தினார்.

"முதல்வரே, அங்கிட்டு யாரோ நிக்கிறாங்க. குடுத்துட்டு வாங்க. சபை காத்திருக்கும்."

குடுத்துவிட்டு வந்தேன். காத்திருந்தது.

இதை நான் ஒரு பொழுதுபோக்குக் குணம் என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு நாள் அவர் ஊருக்கு மோட்டார் இறக்கப் போனோம். ரேஷன் கடை வாசலில் நீண்ட வரிசை. கட்டட வேலை பார்க்கிற ஒருவர் விரல் ரேகைக் கருவியில் விரலை வைத்து வைத்து எடுத்துக்கொண்டிருந்தார். சிமெண்டில் கையைப் போட்டுப் போட்டு ரேகை தேய்ந்த விரல். கருவி சிவப்பு விளக்கைக் காட்டியது. பின்னால் நின்றவர்களுக்குப் பொறுமை போய்விட்டது.

"அக்கா, அவரை ஒதுங்கச் சொல்லிட்டு அடுத்த ஆளப் பாருங்க. வெயில்ல எம்புட்டு நேரம் நிக்கிறது?"

சபாநாயகர் அந்த விரலைத் தன் முந்தானையால் துடைத்து, கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி, மறுபடி துடைத்து, மறுபடி வைத்தார். "முன்னாடி நிக்கிற ஆளை இல்லைங்குது மெசினு. அதுக்குக் கண்ணு இல்லை. எனக்கு இருக்குல்ல? நானும் இல்லைன்னா எப்புடி?" என்று வரிசையைப் பார்த்துச் சொன்னார். ஏழாவது தடவை பச்சை எரிந்தது. கட்டடக்காரர் அரிசியை வாங்கிக்கொண்டு போகும்போது இவரைப் பார்த்துச் சிரிக்கக்கூட இல்லை. அதை அவர் எதிர்பார்த்த மாதிரியும் தெரியவில்லை. குழுவில் நான் போட்டிருந்த படத்தை வைத்து என்னை அடையாளம் கண்டதும், வரிசைக்குக் கேட்காத குரலில், "முதல்வரே, வாங்க, தண்ணி குடிக்கிறீங்களா?" என்றார். நான் தோளில் மோட்டாரோடு நின்றேன்.

இப்படிப்பட்டவரிடம்தான் நான் என் கைவரிசையைக் காட்டினேன்.

என் ஆட்சிக்கு ஒரு ஓட்டு குறைந்தது. கவிழ்ந்துவிடும் போலிருந்தது. வீட்டில் ஒரு பழைய போனும் பழைய சிம்மும் சும்மா கிடந்தன. அந்த எண்ணில் ஒரு புது உறுப்பினரைச் சபைக்குள் கொண்டுவந்தேன். ஆவூர் தொகுதி. ஆவூரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அங்கே ஒரு பெரிய மாதா கோயில் இருக்கிறது என்பதுதான். உறுப்பினருக்குக் கடலை விவசாயம் என்று வைத்தேன். கடலையைப் பற்றி எனக்குத் தெரிந்தது, வறுத்தால் நன்றாக இருக்கும். என் குரல் எல்லோருக்கும் தெரியும் என்பதால் அவரைக் கூச்ச சுபாவக்காரராக ஆக்கினேன். 'எனக்குப் பேச வராதுங்க. எழுதுறேன்' என்று முதல் நாளே எழுதினார். அதாவது எழுதினேன்.

சபாநாயகர் அந்த ஆவூர்க்காரரைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு சபை முடிந்ததும் தனியாகச் செய்தி அனுப்புவார். முதலமைச்சருக்கு அவர் அனுப்பியதெல்லாம் 'நேரத்துக்கு வாங்க' என்ற ரகம். ஆவூருக்கு வந்தவை வேறு. 'இன்னைக்கு நீங்க எழுதினது நல்லா இருந்துச்சு. அடுத்த தரம் ரெண்டு வார்த்தை பேசிப் பாருங்க. யாரும் சிரிக்க மாட்டாங்க. சிரிச்சா நான் பாத்துக்கிறேன்.' 'களை எடுத்தாச்சா?' 'பூ எறங்கிடுச்சா?' நான் எப்படியோ விசாரித்துப் பதில் எழுதினேன். போகப்போக ஆவூர்க்காரருக்குச் சபையில் மரியாதை கூடியது. தன் கள்ள ஓட்டின் மேல் தானே பொறாமைப்பட்ட முதலமைச்சர் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

சிக்கல், தலைநகர் விவகாரத்தில் வந்தது. எதிர்க்கட்சித் தலைவர் அறந்தாங்கிக்காரர், குவைத்தில் ஏசி மெக்கானிக். வெள்ளாறு மாநிலத்தின் தலைநகரைப் புதுக்கோட்டையிலிருந்து அறந்தாங்கிக்கு மாற்ற வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். இல்லாத மாநிலத்தின் தலைநகர் எங்கே இருந்தால் என்ன என்று கேட்காதீர்கள். மஸ்கட்டில் இரண்டு பேர் இதற்காகப் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். ஓட்டெடுப்பில் ஆவூர்க்காரரின் ஒரு ஓட்டில் தீர்மானம் தோற்றது.

எதிர்க்கட்சித் தலைவர் மைக்கைப் பிடித்தார். "பேரவைத் தலைவரே, ஆவூர்லதான் என் மாமனார் வீடு. நான் விசாரிச்சுட்டேன். போன்ல இம்புட்டு எழுதுற கடலைக்காரரு அங்க கெடையாது. இது டுபாக்கூர் ஓட்டு. அப்படி ஒரு ஆளே இல்லை."

எப்போதும் நிதானமாகப் பேசுகிற சபாநாயகரின் குரல் அன்று உயர்ந்தது. "உறுப்பினரே, ஒரு மனுசனை இல்லைன்னு சொல்றது லேசுப்பட்ட வார்த்தையா? ஒவ்வொரு சபை முடிஞ்சும் அவருக்கு நான் எழுதுறேன், அவரு பதில் போடுறாரு. அவரு இருக்காரு. அதுக்கு நான் பொறுப்பு. இல்லைன்னு ஆயிட்டா இந்த நாற்காலியில இருக்க மாட்டேன்."

"அப்ப அடுத்த வெள்ளிக்கிழமை வாயத் தொறந்து 'உள்ளேன்'னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க. போதும்."

"சரி. ஒரு வாரம் அவகாசம்" என்றார் சபாநாயகர்.

அந்த ஒரு வாரத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. குளியலறையில் குரலை மாற்றி 'உள்ளேன்' சொல்லிப் பார்த்தேன். என் மனைவி, "சளி புடிச்சிருக்கா?" என்றாள். கடைசியில் எனக்கு ஒரு சாமர்த்தியம் தோன்றியது. வியாழக்கிழமை ஆவூர்க்காரரை வைத்து ஒரு கடிதம் எழுதினேன்: 'என்னைச் சந்தேகப்பட்ட சபையில் இருக்க மனம் ஒப்பவில்லை. போகிறேன்.' குழுவிலிருந்து வெளியேற்றினேன். ஆள் இல்லை என்று யாரும் நிரூபிக்க முடியாது, சபாநாயகரின் நாற்காலியும் தப்பியது என்று எனக்கு நானே சபாஷ் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் சபாநாயகர் ராஜினாமா செய்தார்.

எங்கள் வழக்கப்படி அந்தக் கடிதத்தை முதலமைச்சர்தான் சபையில் வாசிக்க வேண்டும். வாசித்தேன். 'என் முன்னால் ஓர் உறுப்பினரை இல்லை என்றார்கள். நான் அவரிடம் நிரூபிக்கச் சொல்லி அவகாசம் கொடுத்தேன். அவகாசம் கொடுத்ததே நானும் சந்தேகப்பட்டதாகத்தான் ஆகும். அதனால் அவர் போய்விட்டார். இதற்குப் பிறகு இந்தப் பொறுப்பில் நான் இருப்பது முறையில்லை.'

வாசித்து முடித்தேன். அதோடு விட்டிருக்கலாம். எனக்குத்தான் நாக்கு சும்மா இருக்காதே. "இனிமேல் வருகைப் பதிவு சீக்கிரம் முடிந்துவிடும் என்பது ஒன்றே இந்த அரசுக்கு ஆறுதல்" என்றேன். சிரிக்கிற பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. "நன்றி, முதல்வரே" என்றார் அவர். வெளியேறினார்.

ஒரு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை காலை, கடைக்கு நேரே வந்துவிட்டார். கையில் ஒரு மஞ்சப்பை. உள்ளே ஒரு சீப்பு பழமும் பிஸ்கட்டும்.

"தம்பி, ஆவூருக்கு எந்த பஸ்ஸு? எனக்கு அங்கிட்டுப் பழக்கமில்லை. கூட வாரீங்களா?"

"எதுக்குக்கா?"

"அந்த மனுசன்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். செய்தி அனுப்புறேன், போக மாட்டேங்குது. அணைச்சு வச்சிருக்காரு போல. அவரு கோவம் நியாயம்தானே?"

அணைத்து வைக்கப்பட்ட அந்தப் போன் என் வீட்டு அலமாரியில் மடித்த வேட்டிகளுக்கு நடுவே இருந்தது. "போலாங்கக்கா" என்றேன். வேறு என்ன சொல்வது? சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பஸ்ஸில் பேசிக்கொண்டு போனேன்.

மாதா கோயிலுக்கு எதிரே டீக்கடை. அவர் நேராகக் கேட்டார். "இங்க கடலை போடுற ஒருத்தர், ரொம்பக் கூச்ச சுபாவம், அதிகமாப் பேச மாட்டாரு. வீடு எங்கிட்டு இருக்கு?"

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். "கடலை போடுறவுக பாதி ஊரு இருக்கோம். பேசாத ஆளுன்னு கேட்டா, எங்க ஊர்ல அப்படி ஒருத்தரு பொறக்கவே இல்லீங்களே."

பெஞ்சில் இருந்தவர் விடவில்லை. "ஏன், ஓடைக்காட்டுக்காரன் இருக்கான்ல? பொண்ணு பாக்கப் போன எடத்துல புடிச்சிருக்கான்னு கேட்டதுக்கு ரெண்டு நாள் கழிச்சுப் பதில் சொன்னவன்."

"அட ஆமா. அவன் இருக்கான்" என்றார் டீக்கடைக்காரர்.

வழி கேட்டுக்கொண்டு போனோம். ஓடைக்காட்டுக்காரர் வாசலில் குத்த வைத்து ஓஸ் பைப்புக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். சபாநாயகர் பையை என்னிடம் கொடுத்துவிட்டு இரண்டு கையையும் கூப்பினார்.

"நாங்க வெள்ளாறு சட்டமன்றத்துலேருந்து வாரோம்."

மனுஷன் எழுந்த வேகத்தில் பைப் உருண்டது. உள்ளேயிருந்து அவர் மனைவி வந்தார். "சட்டமன்றமா? ஏங்க, என்னத்தைப் பண்ணித் தொலைச்சீங்க?"

"அவரு ஒண்ணும் பண்ணலைம்மா. நான்தான் தப்புப் பண்ணிட்டேன்" என்றார் சபாநாயகர். குனிந்தபடியே சொன்னார். "உங்களை இல்லைன்னு சொன்னப்ப நானும் நிரூபிக்கச் சொல்லிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க. என்னை மன்னிச்சிருங்க."

ஓடைக்காட்டுக்காரர் மனைவியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் அங்கே மேய்ந்த கோழியைப் பார்த்தேன். அவர் சட்டைப் பையில் இருந்தது பட்டன் போன். அதில் டெலிகிராம் வராது. குனிந்திருந்தவர் கண்ணுக்கு அது படவில்லை. நெடுநேரம் கழித்து ஓடைக்காட்டுக்காரர் வாயைத் திறந்தார்.

"பரவால்லங்க."

"கோவம் இல்லைல்ல?"

தலையாட்டினார்.

"அடுத்த தரம் சபை கூடுறப்ப ஒரே ஒரு வார்த்தை. 'உள்ளேன்'. சொல்லிருவீங்களா?"

"சரிங்க."

அவர் எதற்கு வேண்டுமானாலும் சரி என்று சொல்லியிருப்பார். நாங்கள் அங்கிருந்து போனால் போதும் என்று நின்றார். அவர் மனைவி மட்டும் பழத்தை வாங்கிக்கொண்டு என்னிடம் மெதுவாக, "பட்டா விசயமாங்க?" என்றார். இல்லை என்றேன். அன்று முழுவதும் நான் பேசிய ஒரே உண்மை.

திரும்புகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த சபாநாயகரை நான் அதற்கு முன் அப்படிச் சந்தோஷமாகப் பார்த்ததில்லை. "பாத்தீங்களா தம்பி, எம்புட்டு நல்ல மனுசன்! எழுதுறப்ப அவ்வளவு எழுதுவாரு, நேர்ல பாருங்க, வாயே வரலை" என்றார். பிறகு போனை எடுத்தார். "எதிர்க்கட்சித் தலைவரைக் கூப்புடுறேன். ஆளை நேர்லயே பாத்துட்டேன், என் கண்ணால பாத்தேன்னு சொல்லிர்றேன். நான் நாற்காலிக்கு வரலை. அந்த மனுசன் பேரு கெடக் கூடாது."

எண்ணை அழுத்தப் போனார். அறந்தாங்கிக்காரரின் மாமனார் வீடு அதே ஊரில். ஒரே ஒரு போனில் எல்லாம் வெளியே வந்துவிடும். பொய் சொன்னவர் என்ற பேர் இவருக்கு வரும்.

"அக்கா, கூப்புடாதீங்க."

"ஏன்?"

"அவரு ஆவூர் உறுப்பினர் இல்லைக்கா."

"பின்ன யாரு?"

"நான்தான்."

கண்டக்டர் வந்து நின்றார். எத்தனை பேர் என்றார். "ரெண்டு பேர்" என்றேன். அதைச் சொல்லும்போதுகூட ஒரு ஆளைக் குறைத்துச் சொன்ன மாதிரி இருந்தது.

அவர் போனைப் பைக்குள் வைத்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நானும் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்திருப்பேன். கீரனூர் தாண்டும்வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

"சுருள் பூச்சி விழுந்து ரெண்டு ஏக்கர் கடலையும் போச்சுன்னு ஆவணியில எழுதினீங்களே. எலையெல்லாம் கருகிக் கெடக்கு, பாக்கப் போக மனசு வரலைன்னு. அது?"

"அது கடைக்கு வாஷர் வாங்க வந்த ஒருத்தர் சொன்னதுக்கா. கடலையைப் பத்தி நீங்க எது கேட்டாலும் கடைக்கு வர்றவங்ககிட்டதான் கேட்டு எழுதுவேன். அவரு சொன்னதை அப்படியே எழுதிட்டேன்."

"நான் அன்னைக்கு மாரியம்மன் கோயில்ல வெளக்குப் போட்டேன்."

நான் டிக்கெட்டை நாலாக மடித்தேன்.

"அப்ப அந்த வாஷர் வாங்க வந்தவரு இருக்காருல்ல?"

"இருக்காருக்கா."

"அவரு கடலை பொழைச்சுச்சா?"

"தெரியலைக்கா."

"கேக்கலியா?"

"எழுதுறதுக்கு அது போதுமா இருந்துச்சு" என்றேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் அது என் காதில் விழுந்தது.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டுச் சொல்லுங்க" என்றார். பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அவர் ஊர் பஸ் நின்ற பக்கம் நடந்து போனார்.

அவர் குழுவில் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் ஒரு நாள் அவமானப்பட்டுவிட்டு மறந்திருப்பேன். அடுத்த மாதம் நானும் ராஜினாமா செய்தேன். கடிதத்தில் 'சொந்த அலுவல்கள் காரணமாக' என்று எழுதினேன். ஆவூரைப் பற்றி எழுதத் துணிவில்லை. யாராவது போகாதீர்கள் என்று கெஞ்சுவார்கள் என்று பத்து நிமிடம் குழுவிலேயே இருந்து பார்த்தேன். ஒருவர் மட்டும் 'ஓகே சார்' என்று போட்டார். தலைநகர் அறந்தாங்கிக்குப் போயிற்று. இல்லாத ஆளுக்கு வக்காலத்து வாங்கிய சபாநாயகர் என்று அவரைப் பற்றி அங்கே ஒரு கேலி ரொம்ப நாள் ஓடியதாகக் கேள்விப்பட்டேன்.

சில வாரம் கழித்து அந்த வாஷர் வாங்கியவர் கடைக்கு வந்தார். ஆயில் சீல் கேட்டார். அதை எடுக்கும் முன்பே கேட்டேன்.

"அண்ணே, அந்தக் கடலை என்னாச்சுண்ணே? பூச்சி விழுந்துச்சுன்னு சொன்னீங்களே?"

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "ஒனக்கு ஞாபகம் இருக்கா?" என்றார். "தேறலப்பா. மாட்டுக்குக்கூட ஆகலை. அப்படியே ஒழுது விட்டுட்டேன்."

'ஐயோ' என்றேன். ஆயில் சீலைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தேன். அவர் இன்னும் ஏதோ சொல்ல வந்த மாதிரி கொஞ்ச நேரம் நின்றார். நான் கிடைத்த சேதியைச் சொல்லிவிட வேண்டும் என்ற அவசரத்தில் அப்போதே போனைத் தேடிக்கொண்டிருந்தேன். அவர் படியிறங்கிப் போனார்.

சபாநாயகர் உடனே எடுத்தார். பின்னால் ரேஷன் கடைச் சத்தம். "அக்கா, கேட்டுட்டேன். கடலை தேறலையாம். ஒழுது விட்டுட்டாராம்" என்றேன். பரீட்சையில் பாஸ் ஆனவனைப் போல.

"ச்சு" என்றார். பிறகு, "இப்ப அந்த நெலத்துல என்ன போட்டிருக்காராம்?"

"கேக்கலைக்கா."

"பொழைப்புக்கு என்ன பண்றாராம்?"

"அதுவும் கேக்கலைக்கா."

"கேட்டுட்டுக் கூப்புடுங்க, தம்பி" என்று வைத்துவிட்டார்.

அந்த ஆள் அதற்குப் பிறகு எங்கள் கடைப் பக்கம் வரவில்லை. எந்த ஊர்க்காரர் என்றும் எனக்குத் தெரியாது. நான் இன்னும் சபாநாயகரைக் கூப்பிடவில்லை.